பம்புக் குழாய்ப் பிளாஞ்சு கோணலைப் பற்றவைத்துச் சரிசெய்தல்

கோடையில் கிணற்று நீர் இறங்க இறங்க, பம்பை ஒரு படி கீழே இறக்கி வைப்பதும், டெலிவரிக் குழாயில் ஒரு துண்டு சேர்ப்பதும் புதுச்சத்திரம் வட்டாரத்தில் பழகிப்போன வேலை. பாறையை உடைத்துத் தோண்டிய கிணறுகளில் பம்பு வைக்கக் கிடைக்கும் திட்டு குறுகலானது. அந்தத் திட்டில் பம்பை எப்படியோ உட்கார வைத்துவிட்டுக் குழாயை இணைக்கப் போனால், இரண்டு பிளாஞ்சுகளும் ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் வாய் பிளந்து நிற்கும். உடனே ஸ்பேனரின் வாலில் ஒரு பைப்பைச் செருகி நெம்பி, போல்ட்டை முறுக்கி இழுத்து மூடிவிடுகிறார்கள். பார்வைக்கு மூடிவிடும். ஆனால் இழுத்த விசை எங்கும் போய்விடுவதில்லை. அது பம்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

பம்பின் உடல் வார்ப்பு இரும்பால் ஆனது. வார்ப்பு இரும்பு வளையாது, வெடிக்கும். வெடிக்காவிட்டாலும் பம்பின் தண்டு மோட்டார்த் தண்டின் நேர்கோட்டிலிருந்து விலகும். கப்ளிங் ரப்பர் சீக்கிரம் தேயும், பேரிங்கு சுடும், கிளாண்டில் ஒழுகும்.

உறிஞ்சு குழாயில் இது இன்னும் கெடுதல். காற்றழுத்தம்தான் நீரைப் பம்புக்குள் தள்ளி ஏற்றுகிறது. கணக்குப்படி 34 அடி என்றாலும், நடைமுறையில் 20 முதல் 22 அடிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கோணலான பிளாஞ்சில் முடி அளவு சந்து இருந்தாலும் காற்று உள்ளே புகும். நீர் குறையும், சில சமயம் அடியோடு நின்றுவிடும். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டும் நாளில் இப்படி நின்றால், பழி பெரும்பாலும் புட் வால்வின் மேல்தான் விழுகிறது!

கோணலை அளந்து பார்ப்பது எளிது. போல்ட்டுகளைக் கழற்றி, ரப்பர் வாசரை எடுத்துவிடுங்கள். குழாய் துள்ளி விலகினால் அதுவரை அது பம்பை இழுத்துக்கொண்டிருந்தது என்று பொருள். பிறகு இரண்டு முகங்களுக்கு இடையே மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களில் ஹேக்சா பிளேடுத் துண்டுகளைச் செருகிப் பாருங்கள். ஒரு பிளேடின் கனம் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர். தொழிற்சாலைக் குழாய்களுக்கு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் வகுத்துள்ள விதிப்படி, 200 மில்லிமீட்டர் அகலத்துக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல் கோணல் கூடாது. போல்ட் துளைகள் 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. 3 அங்குலக் குழாயின் பிளாஞ்சு ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் அகலம்தான். ஆகவே எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு பிளேடு வித்தியாசம் வந்தாலே அளவு மீறியது. பம்பின் வாயில் அதையும் விடக் குறைவாக இருப்பது நல்லது.

சிறு கோணலை, அதாவது ஓரிரு மில்லிமீட்டரை, வெட்டாமலே சரிசெய்யலாம். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சிப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆறும்போது பட்டை சுருங்கிச் சக்கரத்தை இறுக்கும். வெல்டிங்கும் அப்படியே: போட்ட இடம் ஆறும்போது சுருங்கி, குழாயைத் தன் பக்கம் இழுக்கும். ஆகவே குழாயின் மேல், பிளாஞ்சுக்குச் சற்றுப் பின்னால், அரைவட்டமாக ஒரு வரி பற்றவைத்தால் அந்தப் பக்கம் குட்டையாகும். எந்தப் பக்கம் போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வாய் பிளந்த பக்கம் போட்டால் பிளவு கூடும். முகங்கள் ஒட்டியிருக்கும் பக்கத்தில்தான் போட வேண்டும். அங்கே பிளாஞ்சு பின்வாங்க, எதிர்ப்பக்கம் முன்வந்து இடைவெளி சமமாகும். ஒரு வரி போட்டதும் தானாக ஆறவிட்டு அளந்து பார்த்த பிறகே அடுத்த வரி. அவசரப்பட்டு நீர் ஊற்றக் கூடாது.

கோணல் அதிகமாக இருந்தாலோ, துளைகள் பொருந்தாவிட்டாலோ, குழாயை பிளாஞ்சுக்குப் பின்னால் வெட்டி மீண்டும் பற்றவைப்பதே வழி. பம்பின் பிளாஞ்சோடு புதிய பிளாஞ்சை லேசாகப் போல்ட் போட்டு நிறுத்துங்கள். ரப்பர் வாசர் சூட்டில் உருகும். அதற்குப் பதில் அதே கனமுள்ள தகட்டை வைக்கவும். எதிரெதிராக நான்கு இடங்களில் மட்டும் புள்ளி வைத்து, குழாயைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து முழு வெல்டிங் போடுவது சிறந்தது. அப்போது பழைய பிளாஞ்சு ஒன்றை முகத்தோடு முகம் போல்ட் போட்டுக்கொண்டால் முகம் நெளியாது. வட்டத்தை ஒரே மூச்சில் சுற்றாமல், எதிரெதிர்க் கால்வட்டங்களாகப் போடச் சொல்லுங்கள். முகங்கள் நேராக இருந்து மையம் மட்டும் விலகியிருந்தால் வெல்டிங்கை நாட வேண்டாம். கிளாம்பைத் தளர்த்திக் குழாயை நகர்த்தினாலே போதும்.

இவை எல்லாம் இரும்புக் குழாய்க்கு மட்டும். பம்பின் வார்ப்பு இரும்புப் பிளாஞ்சின் மேல் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. ஜி.ஐ. குழாயானால் வெல்டிங் போடும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அந்த வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். கிணற்றுக்குள் ஈரத்தில் நின்று மின் வெல்டிங் செய்வது உயிருக்கு ஆபத்து. தவிர்க்க முடியாத இடத்தில், எர்த் கிளிப்பை வெல்டிங் போடும் இடத்துக்கு அருகிலேயே குழாயில் மாட்ட வேண்டும். பம்பில் மாட்டினால் மின்சாரம் பேரிங்கு வழியே பாய்ந்து குண்டுகளைப் பொத்தலாக்கும்.

வெல்டரைக் குறை சொல்வதற்கும் இல்லை. குழாயை முதலில் மாட்டிவிட்டுப் பம்பைப் பிறகு இழுத்து வைப்பதே வழக்கமாகிவிட்டது. பம்பை முதலில் நிலைநிறுத்தி, குழாயின் எடையைக் கிணற்றின் குறுக்கே போட்ட ஆங்கிளிலும் கிளாம்பிலும் தாங்கவிட்டு, பிறகு பிளாஞ்சுக்கு வாருங்கள். போல்ட்டுகள் கையாலேயே நுழைய வேண்டும். ஒரே ஒரு வாசர் போட்டு, எதிரெதிர் போல்ட்டுகளாக, சிறிது சிறிதாக முறுக்குங்கள். பிறகு உறிஞ்சு குழாயை நீரால் நிரப்பிப் பிளாஞ்சில் கசிவு இருக்கிறதா என்று கால் மணி நேரம் பார்த்துவிட்டு மோட்டாரைப் போடுங்கள்.