ஐந்து மில்லிமீட்டரில் ஒரு யானை

புது வீட்டுத் தலைவாசல் கதவில் கஜலட்சுமி. இரண்டு பக்கமும் யானைகள் துதிக்கையைத் தூக்கி நிற்கின்றன. எட்ட நின்றால் துதிக்கை உருண்டு, வயிறு திரண்டு தெரிகிறது. கிட்டப் போய் விரலை வைத்தால் முழு யானையும் ஐந்து மில்லிமீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட கதவுகள் பலவற்றை இப்போது சி.என்.சி. ரூட்டர்தான் செதுக்குகிறது. நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று, சில சமயம் அதற்கும் மேல் சுழலும் பிட் என்ற வெட்டுமுனையை, கணினி போட்டுக்கொடுத்த பாதையில் நகர்த்தும் இயந்திரம் அது.

சொற்ப ஆழத்தில் பெரிய ஆழம் காட்டும் வித்தை ரூட்டருக்கு முன்பே உண்டு. ஃபிளாரன்சில் டொனாட்டெல்லோ 1417 வாக்கில் செதுக்கிய புனித ஜார்ஜ் பளிங்குப் பலகையில் பின்னணிக் காட்சி ஏறக்குறைய கீறல்தான். ஆனாலும் தூரம் தெரிகிறது. கண்ணுக்குத் தேவை வெளிச்சமும் நிழலும் மாறும் இடங்கள். மில்லிமீட்டர் கணக்கு அதற்கு வேண்டியதில்லை. 1997இல் பெல்யூமர், கிரீக்மன், யூல் ஆகிய மூவர் இதைக் கணிதமாகவே நிறுவினார்கள். ஓர் உருவத்தை ஒரே சீராகத் தட்டையாக்கிவிட்டு, விளக்கையும் அதற்கேற்ப நகர்த்தினால், நேர் எதிரே நிற்பவருக்கு நிழல் விழும் இடங்கள் மாறுவதில்லை. பக்கவாட்டில் நகர்ந்தால்தான் குட்டு வெளிப்படும்.

வாசல் விளக்கை அப்படி நினைத்தபடி நகர்த்த முடியாதே! அதனால் தட்டையாக்கும் வேலையைச் சூட்சுமமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. 200 மி.மீ. பருமனுள்ள உருவத்தை அப்படியே 5 மி.மீ.க்கு நசுக்கினால் எல்லாமே நாற்பதில் ஒரு பங்காகும். 2 மி.மீ. புடைத்திருந்த மூக்குத்தி 0.05 மி.மீ. ஆகி, உப்புத்தாள் பட்டதும் காணாமல் போகும். எனவே கெட்டிக்கார டிசைனர் மூக்குக்கும் காதுக்கும் இடையிலுள்ள வெற்று உயரத்தைத்தான் வெட்டுவார். இமை, உதடு, ஆரத்தின் மணிகள் ஆகியவற்றின் சரிவில் கை வைக்கமாட்டார். ஆஸ்பயர் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனித் துண்டாக வைத்து உயர்த்தலாம், சாய்க்கலாம், ஒரு பக்கமாக மங்கச் செய்யலாம். ஓர் இலையின் நுனியை அரை மில்லிமீட்டர் சாய்த்தால் போதும், பக்கத்து இலைக்கு அடியில் நுழைந்துவிட்டதாகத் தோன்றும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, கல்யாணப் புகைப்படத்தைக் கொடுத்து “இதை அப்படியே செதுக்கிக் கொடுங்கள்” என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சாம்பல் நிறப் படத்தையும் மென்பொருள் உயரமாக வாசிக்கும். வெள்ளை என்றால் மேடு, கருப்பு என்றால் பள்ளம். புகைப்படத்தைப் போட்டாலும் அதே கணக்குதான். கூந்தல் கிடங்காகும், நெற்றிக் குங்குமம் குழியாகும், பல் துருத்திக்கொண்டு நிற்கும். மணப்பெண் கோபித்துக்கொள்வாள்.

வடிவம் தயாரானதும் முதலில் 6 மி.மீ. தட்டைப் பிட் வேண்டாத மரத்தைக் கழித்துவிடும். பிறகு நுனி உருண்ட பிட், ஏர் உழுவதுபோல வரிசை வரிசையாகப் போய் வரும். இரண்டு சாலுக்கு நடுவே மெல்லிய வரப்பு நிற்கும் அல்லவா, அதுதான் பிரச்சினை. 3 மி.மீ. பிட்டை 0.3 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால் வரப்பின் உயரம் 0.0075 மி.மீ.; விரலுக்குத் தட்டுப்படாது. இடைவெளியை இரட்டித்தால் வரப்பு நான்கு மடங்காகி 0.03 மி.மீ. ஆகும். நேரக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 300 மி.மீ. சதுரப் பலகையில் 0.3 மி.மீ. இடைவெளி என்றால் ஆயிரம் சால், அதாவது 300 மீட்டர் பயணம். நிமிடத்துக்கு 2 மீட்டர் வேகத்தில் இரண்டரை மணி நேரம். இடைவெளியை இரட்டித்தால் நேரம் பாதி. ஒரே டிசைனுக்கு இரண்டு கடைகளில் இரண்டு விலை சொன்னால், முதலில் இந்த இடைவெளியைத்தான் கேட்க வேண்டும்.

பெயர்ப்பலகை எழுத்துக்கும் கோலத்துக்கும் இவ்வளவு பாடு வேண்டாம். கூர்நுனி கொண்ட வி-பிட் போதும். கோடு அகலமாகும் இடத்தில் தானே ஆழப் போகும், மூலையில் மேலேறிக் கூர்மையாக முடிக்கும். 90 பாகை பிட்டில் 8 மி.மீ. அகலக் கோட்டுக்கு 4 மி.மீ. ஆழம். ஆனால் பலகை அரை மில்லிமீட்டர் வளைந்திருந்தாலும் கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டர் மாறிவிடும். செதுக்குமுன் பலகையின் முகத்தைச் சமமாக வழித்துக்கொள்வது அதற்காகத்தான்.

மூன்று அச்சு ரூட்டர் மேலிருந்து கீழே மட்டுமே வரும். உருவத்தின் விளிம்புக்கு அடியில் குடைய அதனால் முடியாது. கைச்சிற்பி அப்படிக் கொஞ்சம் குடைந்துவிட்டு ஒரு கருநிழலை வாங்கிக்கொள்வார். ரூட்டர் வேலையில் அந்த நிழலுக்கு விளிம்பைச் செங்குத்தாக வைப்பதைத் தவிர வழியில்லை. அதனால் உப்புத்தாளை மேட்டுப் பரப்பில் தாராளமாகத் தேய்க்கலாம், விளிம்பில் கூடாது. அங்கே பிசிறை மட்டும் நைலான் தூரிகையால் நீக்கினால் போதும்.