படச்சுருளும் நெருப்பும்

விதிநூல் என்றதும் சலிப்புத் தோன்றுவது இயல்பே. ஆயினும் சில விதிகளுக்குப் பின்னே நெருப்பு நிற்கிறது.

புனேயில் வாழும் தமிழன்பர்கள் லா காலேஜ் சாலையிலுள்ள பிரபாத் படப்பிடிப்பு நிலையத்தை அறிவர். 'சீதா கல்யாணம்' என்னும் தமிழ்ப் படத்தையும் தயாரித்த நிறுவனம் அது. 1960 முதல் அவ்விடத்தில் அரசின் திரைப்படப் பயிற்சி நிலையம் இயங்கி வருகிறது.

அக்காலப் படங்கள் நைட்ரேட் சுருளில் பதிவானவை. அது வெடிபஞ்சுக்கு உறவான பொருள். எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அதனுள்ளேயே அடங்கியிருத்தலின், நீரில் அமிழ்த்தினாலும் நெருப்பு அவியாது. நாட்பட்டு நைந்த சுருள், கோடை வெப்பத்தில் தானாகவே பற்றவும் கூடும். ஆகவேதான் 1948-ஆம் ஆண்டின் படச்சுருள் விதிகள், அதனைச் சேமித்து வைக்க உரிமம் வேண்டுமென விதித்தன. 1950-ஐ ஒட்டி, எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் சுருள் அதன் இடத்தைப் பெற்றது. பழைய சுருள்களோ அறைகளில் தங்கிவிட்டன.

2003 ஜனவரியில் அவ்வளாகத்தில் நைட்ரேட் சுருள்கள் இருந்த அறையில் தீ மூண்டது. அரிய படச்சுருள்கள் பல சாம்பலாயின. முன்னரே வேறு சுருளில் பிரதி எடுக்கப்பட்டிருந்த படங்கள் பிழைத்தன.

இதிலிருந்து நாம் அறிவது யாது? உரிமம் சுற்றியிருப்போரைக் காக்கும். பிரதியே படத்தைக் காக்கும். பாட்டனார் காலப் படச்சுருள் எதுவும் உங்கள் வீட்டுப் பரணில் இருப்பின், அடுப்புக்கும் வெயிலுக்கும் எட்டாமல் வையுங்கள். பிசுபிசுத்துப் பழுப்புப் பொடி உதிருமாயின், தாமே கையாளாது, புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திற்குத் தெரிவியுங்கள்.