இன்மையும் பொருந்தாமையும்

முயலுக்குக் கொம்பு எத்தனை என்று ஒருவன் வினவின், சுழி என்பது விடையாம். அக்கொம்பு எத்தனை சாண் நீளம் என்று அவனே பின்னும் வினவின், சுழி என்பது விடையாகாது. நீளமென்னும் குணம் கொம்பென்னும் குணியைப் பற்றி நிற்பது. குணி இல்வழிக் குணத்தை அளத்தற்கு இடமில்லை. முன்னையது இன்மை, பின்னையது பொருந்தாமை. இரண்டனையும் ‘இல்லை’ என்னும் ஒரு சொல்லாற் கூறுதல் உலகவழக்காகலின், இவ்வேறுபாடு பலர்க்கும் புலனாவதில்லை.

தெப்பக்குளமுள்ள கோயிலில் மழையின்மையால் ஓராண்டு தெப்பவிழா நிகழாதாயின், கணக்கில் விழா நாளுக்குச் சுழி இடுதல் முறை. குளமே இல்லாத கோயிலாயின் அவ்விடத்துக் கோடிடுதல் முறை. ஈரிடத்தும் சுழியே இடின், பின்வரும் கணக்கர் நின்றுபோன விழாவென்று கருதி, இல்லாத குளத்திற்குத் தூரெடுக்கச் செலவு எழுதினும் எழுதுவர்.

மணிமேகலையில் அறவணவடிகள் விடை வகை நான்கனுள் வாய்வாளாமையையும் ஒன்றாக வைத்தனர். ஆகாயப்பூ பழையதோ புதியதோ என்பார்க்கு மறுமொழி கூறாதிருத்தல் அதற்கு உதாரணம். புறச்சமய நூலாயினும் இக்கூற்றுக் கொள்ளத்தக்கதே. ஆயினும் மாணாக்கன் வினவுழி ஆசிரியன் வாளா இருப்பின், அறியாமையால் இருந்தானோ என ஐயம் நிகழும். வினாவே பொருந்தாதென்று காரணங்காட்டி மறுத்தல் அதனினும் நன்று.

கணிதநூலாரும் இங்கு இடர்ப்பட்டனர். கி.பி. 628-இல் பிராமஸ்புட சித்தாந்தம் இயற்றிய பிரமகுப்தர், ஐந்தில் ஐந்து போகச் சுழி என்றது மெய்யான விடை. சுழியைச் சுழியால் வகுப்பினும் சுழியே என்றதோ இக்காலக் கணிதத்திற்கு உடன்பாடன்று. வகுக்கும் எண்ணோடு பெருக்க வகுபடும் எண்ணைத் தருவதே ஈவு. எவ்வெண்ணைச் சுழியாற் பெருக்கினும் சுழியே வருதலின், ஆண்டு ஈவு இன்னதென வரையறுத்தல் கூடாது. ஐந்தைச் சுழியால் வகுப்புழியோ ஈவாதற்குரிய எண் ஒன்றேனும் இல்லை.

இனி, பதிக்கு மலம் உண்டோ எனின், இல்லை என்பது நேர்விடை. அம்மலம் நீங்கியது எக்காலத்து எனின், அவ்வினா முத்தான்மாவுக்குப் பொருந்தும், பதிக்குப் பொருந்தாது. அநாதியிலே நீங்கிற்றென்று கூறித் தப்பலாமெனின், அற்றன்று. நீங்கிற்றெனவே முன்பு பற்றியிருந்ததென்பது பெறப்படும். பெறப்படவே, நீக்கினார் யாவரென வினா எழும். அவர்க்கு நீக்கினார் யாவரென அது வரம்பின்றி ஓடும். முத்தான்மாவினிடத்தும் மலம் தன் சத்தி அடங்கி நிற்பதன்றிக் கெடுவதன்று. பதியினிடத்தோ அடங்குதற்கும் ஒன்றில்லை. அற்றேல், எண்குணத்துள் ஒன்றை ‘இயல்பாகவே பாசங்களின் நீங்குதல்’ என்றது என்னையெனின், ஆண்டு ‘நீங்குதல்’ ஒரு காலத்து நிகழ்ந்த தொழிலைக் குறியாது, என்றும் பற்றாமை மாத்திரையே குறித்து நின்றது. ‘இயல்பாகவே’ என்னும் அடை அப்பொருள் தோன்ற வைத்ததாம்.