காலமும் வெளியும் வெறும் தோற்றமா?

காலமும் வெளியும் உண்மையிலேயே இருக்கின்றனவா, அல்லது மனம் உலகத்தை ஒழுங்குபடுத்திப் பார்ப்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடா என்ற கேள்வி நவீன இயற்பியலைவிட மிகப் பழையது. இந்தியாவின் வைசேடிகத் தத்துவவாதிகள் உலகின் அடிப்படைப் பொருள்களாக ஒன்பது திரவியங்களைப் பட்டியலிட்டபோது மண், நீர், தீ ஆகியவற்றோடு காலத்தையும் திசையையும் சேர்த்தே எண்ணினார்கள். பௌத்த அறிஞர் நாகார்ச்சுனர் இதை ஏற்கவில்லை. இறந்தகாலத்தைச் சாராமல் நிகழ்காலத்தைப் பற்றிப் பேசவே முடியாது. அப்படி ஒன்றையொன்று சார்ந்து நிற்பவற்றுக்குத் தனி இருப்பு எங்கிருந்து வரும் என்பது அவர் எழுப்பிய ஐயம்.

ஐரோப்பாவில் இந்த வழக்கு நியூட்டனோடு சூடுபிடித்தது. 1687-இல் வெளிவந்த ‘பிரின்சிபியா’ நூலில் அவர் வகுத்த வெளி, பொருள்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அசையாமல் கிடப்பது. காலமும் அப்படியே, எதையும் பொருட்படுத்தாமல் ஒரே சீராக ஓடுவது. லைப்னிட்ஸுக்கு இது வீண் கற்பனையாகப் பட்டது. பிரபஞ்சம் முழுவதையும் அப்படியே சற்றுத் தள்ளிவைத்தால் யாருக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? வெளி என்பது பொருள்களுக்கு இடையிலான உறவு, காலம் என்பது நிகழ்ச்சிகளின் வரிசை, அதற்குமேல் ஒன்றுமில்லை என்றார். நியூட்டன் தரப்பில் சாமுவேல் கிளார்க் பதில் எழுத, 1715, 1716 ஆண்டுகளில் கடிதச் சண்டையே நடந்தது. காண்ட் 1781-இல் இருவரையும் தாண்டி, காலமும் வெளியும் மனித அறிவு எதையும் காண்பதற்குரிய வடிவங்கள் என்று சொன்னார்.

இந்த மூன்று நிலைகளில் எது சரி என்று வாதத்தால் மட்டும் தீர்க்க வழியில்லை. ஐன்ஸ்டைன் 1905-இல் சிறப்புச் சார்பியல் கோட்பாட்டை வெளியிட்ட பிறகுதான் கேள்வி ஆய்வுக்கூடத்துக்குள் வந்தது. ஒளியின் வேகம் எல்லோருக்கும் ஒன்றே என்றால், வெவ்வேறு வேகத்தில் செல்பவர்கள் அளக்கும் கால அளவும் நீளமும் வேறுபட்டே ஆகவேண்டும் என்பது அதன் சாரம்.

இதற்கு மிகத் தெளிவான சான்று மியூயான் என்ற துகள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதும்போது இவை பிறக்கின்றன. ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம் பல்லாண்டுகளாகப் பதிவுசெய்வதும் இத்தகைய மியூயான்களைத்தான். ஓய்வு நிலையில் மியூயானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி மட்டுமே. அமெரிக்காவில் டேவிட் ஃபிரிஷ், ஜேம்ஸ் ஸ்மித் இருவரும் 1963-இல் வெளியிட்ட ஆய்வில், 1,900 மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான உயரமுள்ள வாஷிங்டன் மலை உச்சியில் மணிக்குச் சுமார் 560 மியூயான்களை எண்ணினார்கள். அந்த உயரத்தைக் கடக்க அவற்றுக்கு ஏறக்குறைய 6.4 மைக்ரோ நொடி தேவை. பழைய கணக்குப்படி கடல்மட்டத்துக்கு 27 வந்துசேர்ந்தாலே அதிகம். ஆனால் கீழே எண்ணியபோது கிடைத்தவை சுமார் 410.

தரையில் நிற்பவரின் கணக்கில், ஒளிவேகத்தை நெருங்கி வரும் மியூயானின் காலம் மெதுவாக ஓடுகிறது, ஆகவே அது பிழைத்து வருகிறது. மியூயானோடு பயணம் செய்யும் ஒருவர் இருந்தால் அவர் இதை ஏற்கமாட்டார். அவருக்கு மியூயானின் ஆயுள் வழக்கமான 2.2 மைக்ரோ நொடிதான், மலையின் உயரம்தான் ஏறக்குறைய 200 மீட்டராகச் சுருங்கிவிட்டது. ஒருவர் காலத்தில் எழுதும் செலவை மற்றவர் வெளியில் எழுதுகிறார். கீழே வந்த துகள்களின் எண்ணிக்கையில் மட்டும் தகராறே இல்லை.

ஹெர்மன் மின்கோவ்ஸ்கி 1908-இல் கொலோன் நகரில் ஆற்றிய உரையில் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். காலத்தையும் வெளியையும் தனித்தனியே பிரித்தால் அளவுகள் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டையும் குறிப்பிட்ட விதத்தில் இணைத்துக் கணக்கிடும் காலவெளி இடைவெளி யாருக்கும் மாறாது. காலம் ஒரு மாயை என்று இயற்பியல் நிரூபித்துவிட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். அது அவசர முடிவு. வீழ்ந்தது, பிரபஞ்சம் முழுவதற்கும் பொதுவான ‘இப்போது’ ஒன்று உண்டு என்ற நம்பிக்கை. தொலைவில் உள்ள இரு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடந்தனவா என்பதற்கு எல்லோருக்குமான விடை கிடையாது. இதிலிருந்து, முன்பு நடந்ததும் இனி நடக்கவிருப்பதும் ஒருசேர இருக்கின்றன என்று முடிவுகட்டும் தத்துவவாதிகள் உண்டு. 1955-இல் நண்பர் மிக்கேல் பெஸ்ஸோ இறந்தபோது அவர் குடும்பத்துக்கு ஐன்ஸ்டைன் எழுதிய ஆறுதல் கடிதத்திலும் இந்தச் சாயல் இருக்கிறது. ஆனால் அது இரங்கல் கடிதம், ஆய்வுக் கட்டுரை அல்ல.

1915-இல் வந்த பொதுச் சார்பியல் காலவெளிக்கு இன்னும் கனமான இடம் கொடுத்தது. பொருள்கள் அதை வளைக்கின்றன, வளைந்த காலவெளி பொருள்களின் பாதையைத் தீர்மானிக்கிறது. இந்த வளைவால், உயரம் கூடினால் கடிகாரம் வேகமாக ஓடும். 2010-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ஓர் அணுக்கடிகாரத்தை இன்னொன்றைவிட 33 சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தியபோதே இந்த வேறுபாடு அளவில் தெரிந்தது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் தரைக் கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி முந்துகின்றன. திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் இடம் காட்டுவதில் 10 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேரும். 2015 செப்டம்பர் 14 அன்று காலவெளியில் பரவும் ஈர்ப்பு அலையை லைகோ கருவிகள் பிடித்தபோது, அவற்றின் 4 கிலோமீட்டர் நீளக் கைகள் புரோட்டான் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் நீண்டு சுருங்கின. பொருள்களின் உறவு மட்டுமே வெளி என்றால், அந்த அலையை எழுப்பிய இரண்டு கருந்துளைகளின் மோதல் ஆற்றலை நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் சுமந்துவந்தது எது என்பதற்கு விடை சொல்ல வேண்டியிருக்கும். லைப்னிட்ஸ் கட்சிக்கு இது தர்மசங்கடம்.

சிக்கல் மீண்டும் தலைதூக்குவது குவாண்டம் இயற்பியலில். பொதுச் சார்பியலையும் குவாண்டம் விதிகளையும் இணைக்க முயன்ற வீலர்–டிவிட் சமன்பாடு 1967-இல் வெளிவந்தபோது அதில் காலத்துக்கு இடமே இருக்கவில்லை. அபய் அஷ்டேகர் 1986-இல் வகுத்த புதிய மாறிகளிலிருந்து வளர்ந்த கண்ணிக் குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாட்டில், வெளி தொடர்ச்சியானதாக இல்லாமல் மிக நுண்ணிய துணுக்குகளால் ஆனதாக இருக்கிறது. இத்தகைய ஆய்வாளர்களில் பலர், காலமும் வெளியும் அடிப்படையானவை அல்ல, வேறெதிலிருந்தோ உருவாகி வருபவை என்று கருதுகிறார்கள். அப்படியே இருந்தாலும் அவை பொய்யாகிவிடா. ஒற்றை நீர் மூலக்கூறுக்கு வெப்பநிலை என்று ஒன்று கிடையாது, ஆனாலும் கொதிக்கும் நீர் கையைச் சுடுகிறது.

துணுக்குகள் இருந்தால் அவற்றின் அளவு ஒரு மீட்டரை ஒன்றுக்குப் பின் 35 பூஜ்ஜியங்கள் கொண்ட எண்ணால் வகுத்தால் கிடைப்பதை ஒட்டியிருக்கும். எந்தத் துகள்முடுக்கியும் அதை எட்டாது. மறைமுகமாகச் சோதிக்க இயற்கையே ஒரு வாய்ப்புக் கொடுத்தது. 2009 மே மாதம் ஃபெர்மி விண்தொலைநோக்கி, 730 கோடி ஆண்டுகள் பயணம் செய்துவந்த காமாக் கதிர் வெடிப்பு ஒன்றைப் பதிவுசெய்தது. துணுக்குகளால் வெளி கரடுமுரடாக இருந்தால் ஆற்றல் மிகுந்த ஒளித்துகள் வழியில் பின்தங்கலாம் என்பது சில கோட்பாடுகளின் கணிப்பு. அந்த வெடிப்பின் மிக ஆற்றல்வாய்ந்த ஒளித்துகளும் ஆற்றல் குறைந்தவையும் ஒரு நொடிக்குள்ளாகவே அடுத்தடுத்து வந்துசேர்ந்தன. அந்தக் கணிப்பின் எளிய வடிவங்கள் அதோடு அடிபட்டுப்போயின. ஒளியின் வேகத்தைத் தொடாத மற்ற துணுக்குக் கோட்பாடுகள் இன்னும் களத்தில் இருக்கின்றன.