பெயர் மறந்தாலும் பெட்டி இழைக்கும் கைகள்

தேத்தண்ணி குடித்ததை அரைமணி நேரத்தில் மறந்துவிடும் ஓர் ஆச்சியின் கையில் பனங்குருத்தோலையைக் கொடுத்துப் பாருங்கள். ஓலையை வார்ந்து, ஈர்க்கை நீக்கி, பெட்டி இழைக்கத் தொடங்கிவிடக்கூடும். மகளின் பெயருக்குத் தடுமாறும் அதே மூளை இழை தப்பாமல் கையை நடத்துவது எப்படி?

1906 இல் ஜேர்மன் மருத்துவர் அலோயிஸ் அல்ஸைமர், மறதி முற்றி இறந்த ஒரு பெண்ணின் மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே முறுக்கு இழைகளும் தெரிந்தன. முன்னவை அமிலோயிட், பின்னவை டௌ என்ற புரதங்களால் ஆனவை என்பது பிறகு தெரியவந்தது. அவர் பெயரால் வழங்கும் அல்ஸைமர் நோயில் இந்தச் சிதைவு பெரும்பாலும் ஹிப்போகாம்பஸ் பகுதியைத்தான் முதலில் தாக்குகிறது. இன்று நடந்ததைப் பதிவதும் புது இடத்தில் வழி பிடிப்பதும் அதன் வேலை. பழகிய கைவேலையோ மூளையின் ஆழத்திலுள்ள நரம்புமுடிச்சுகளிலும் சிறுமூளையிலும் தங்கியிருக்கிறது. நோய் அங்கே பிந்தித்தான் போய்ச் சேருகிறது.

இந்தப் பிரிவினையை உலகுக்குக் காட்டியவர் ஹென்றி மொலெய்சன். வலிப்பு நோய்க்காக 1953 இல் செய்த அறுவையில் அவர் இரு பக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை இழந்தார். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் கோடு திருந்தியது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதை முன்பு செய்ததேயில்லை என்றார் மொலெய்சன். அவர் மறந்ததைக் கை கற்றுக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத் தீவகத்தில், "அவவுக்கு அறளை பெயர்ந்திட்டுது" என்று சொல்லி, முதியவரை ஒரு கதிரையில் இருத்திவிடும் வழக்கம் உண்டு. அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் எஞ்சியிருக்கும் திறனும் பயன்படுத்தாவிட்டால் தேய்ந்துபோகும். சாதாரண உரையாடலுக்கே மூளை எவ்வளவு உழைக்கிறது! முகத்தை அடையாளம் காணவேண்டும், குரலைப் பிரித்தறியவேண்டும், சொல்லைத் தேடவேண்டும், முறைவைத்துப் பேசவேண்டும். பேச ஆளில்லாத வீட்டில் இத்தனையும் ஓய்ந்துவிடுகின்றன.

கூடிப் பேசுவதன் பலனைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் எய்மி ஸ்பெக்டரும் குழுவினரும் 201 மறதிநோயாளரிடம் நடத்திய ஆய்வு 2003 இல் வெளியானது. ஏழு வாரங்களில் 14 அமர்வுகள்: பழைய நினைவு, பாட்டு, சொல் விளையாட்டு, கைவேலை. பங்கேற்றவர்களின் அறிதிறனும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. சென்னையின் மனநல ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப் இம்முறையை நம் பண்பாட்டுக்கு ஏற்றவாறு மாற்றியமைத்திருக்கிறது.

உடற்பயிற்சியைப் பற்றி நேர்மையாகப் பேசவேண்டும். பிரித்தானியாவில் 494 மறதிநோயாளரிடம் நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வில், மிதமானது முதல் கடுமையானது வரையான பயிற்சி உடல்வலுவைக் கூட்டியதே தவிர மறதியின் வேகத்தைக் குறைக்கவில்லை. ஆகவே நடை இந்நோயை மாற்றும் மருந்தாகாது. ஆனால் காலின் வலுவுக்கும் நல்ல நித்திரைக்கும் அது துணை. நோய் வருமுன்னே அதன் பயன் இன்னும் பெரிது. 2024 இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு பட்டியலிட்ட 14 ஆபத்துக் காரணிகளில் உடலுழைப்பின்மை, தனிமை, செவிப்புலன் குறைபாடு, சிகிச்சை பெறாத பார்வைக் குறைபாடு நான்கும் அடங்கும். பதினான்கையும் சரிசெய்தால், கோட்பாட்டளவில் ஏறத்தாழ 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது அது.

மறதியுள்ள முதியவரை நடக்கவும் பேசவும் வைக்க வேண்டியவை தீவுகளிலேயே உண்டு. நெடுந்தீவின் பவளக்கல் மதில்களுக்கிடையே போகும் பழகிய ஒழுங்கை, புது நகரத்துத் தெருவைவிட அவருக்கு நல்லது. ஊர்காவற்றுறையில் சிறுவயது முதல் சொன்ன செபமாலை வாயில் தானே வரும். நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் ஆனித் திருவிழா நெரிசலில் கூட்டிப்போனால் கலங்கிவிடுவார். சனம் குறைந்த நாளில் குறிகட்டுவானில் வள்ளம் ஏறுங்கள். கிணற்றுக்கு மூடி போடுங்கள், கடற்கரைக்குத் தனியே விடாதீர்கள், உச்சி வெயிலைத் தவிருங்கள்.

குறைந்துபோனது ஆட்கள்தான். போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் பல வீடுகளைப் பூட்டிவிட்டன. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கும் பிள்ளைகளே, தொலைபேசியில் "காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்காதீர்கள். அது அவர் இழந்த இடத்தில் வைக்கும் பரீட்சை. பழைய கொண்டாட்டத்தைக் கேளுங்கள், சேர்ந்து பாடுங்கள். பக்கத்து வீட்டார் வாரத்தில் சில நாள் வந்திருக்க ஒழுங்கு செய்யுங்கள்.

மறதி தொடங்கியதும் யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்லுங்கள். தைரொயிட் குறைபாடு, பி12 விற்றமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகத் தோன்றும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அல்ஸைமர்தான் என்று உறுதியானாலும் ஓலையை அவர் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள். தொடக்கத்தை நீங்கள் போட்டுக் கொடுங்கள், மீதியை அவர் இழைக்கட்டும். பெட்டி கோணினாலும் பரவாயில்லை.