பேணிக் கடலையும் பானைக் கடலையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் கடமையாற்றிய பாடசாலையொன்றில் வாணி விழாவன்று நேர்ந்த ஒரு சிறு தவற்றிலிருந்து இப்பேச்சைத் தொடங்குகிறேன். பூசைக்கு வேண்டிய பொருள்கள் யாவும் முதல் நாளே வந்து சேர்ந்திருந்தன. பூவும் பழமும், அவலும் சர்க்கரையும், இரண்டு கிலோக் கடலையும் அலுவலக அறையில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. கடலையை இரவே ஊறவைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் மட்டும் எவருக்கும் எழவில்லை. அப்பொறுப்பை ஏற்றிருந்தவன் நானே. காலையிற் பையை அவிழ்த்தபோதுதான் பிழை தெரிந்தது. உடனே ஓர் ஆசிரியரைக் கடைக்கு அனுப்பி, தகரப் பேணியிலடைத்த கடலையில் இருபது பேணி வருவித்தோம். உலர்ந்த கடலைக்குக் கொடுத்ததிலும் பன்மடங்கு பணம் செலவாயிற்று. செத்தல் மிளகாயும் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, தேங்காய்ச் சொட்டும் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தோம்.

பிள்ளைகள் உண்டனர், குறை கூறவில்லை. ஆனால் மூன்றாம் வகுப்புச் சிறுமியொருத்தி மாத்திரம் கையிலிருந்த கடலையை முகர்ந்து பார்த்துவிட்டு, “சேர், இது கோயிற் கடலை மாதிரி இல்லையே, ஏன்?” என்று கேட்டாள். நன்னூற் சூத்திரத்துக்கு உரை கேட்டிருந்தால் நின்ற இடத்திலேயே கூறியிருப்பேன். கடலையைப் பற்றிய அவ்வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. அதனைத் தேடி அறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில், உணவைப் பேணியிலடைக்கும் வழக்கம் எங்ஙனம் வந்தது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். நெப்போலியன் காலத்துப் பிரான்சிலே, நிக்கொலா அப்பேர் என்பார் உணவைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு, காற்றுப் புகாது மூடி, கொதிநீரில் வைத்துக் கெடாது காக்கும் முறையைக் கண்டார். அதற்காக 1810ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அவருக்குப் பன்னீராயிரம் பிராங்கு பரிசளித்தது. அதே ஆண்டிலேயே இங்கிலாந்தில் பீற்றர் டியூரண்ட் என்பார் வெள்ளீயம் பூசிய தகரப் பேணிக்கு உரிமம் பெற்றார். உணவு ஏன் கெடாதிருந்தது என்பதை அந்நாளில் எவரும் அறியார். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களே உணவைக் கெடுப்பன என்பதை லூயி பாஸ்ச்சர் விளக்குவதற்கு மேலும் அரை நூற்றாண்டு செல்ல வேண்டியிருந்தது. பேணியைத் திறப்பதற்கென ஒரு கருவி தோன்றியதும் 1850களிலேதான். அதுவரை உளியும் சுத்தியலுமே துணை!

இனி, தொழிற்சாலையில் நிகழ்வது யாது? உலர்ந்த கடலையை ஊறவைத்து, வெந்நீரிற் சிறிது நேரம் வாட்டி, உப்புநீரோடு பேணியில் இட்டு மூடுகின்றனர். மூடிய பின்னரே அதனை அவிக்கின்றனர். நீராவியை அமுக்கத்துக்குள்ளாக்கி, ஏறத்தாழ 121 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்குப் பேணியைக் கொண்டுசெல்கின்றனர். இத்துணை வெப்பம் எதற்கு? குளொஸ்திரிடியம் பொற்றுலினம் என்னும் பற்றீரியாவின் வித்திகள் சாதாரண கொதிநீரில் மடிவதில்லை. புளிப்பற்ற உணவில், காற்றில்லாத இடத்தில், அவை முளைத்துக் கொடிய நஞ்சை உண்டாக்க வல்லன. அதனாலேயே இந்தக் கடும் வெப்பம். வீட்டில் கடலையைப் போத்தலில் அடைத்துக் கொதிநீரில் வைத்துச் சேமிக்க முயல்வது ஆபத்தானது என்பதையும் இவ்விடத்திற் கூறிவைப்பது என் கடன்.

ஆயின், வெப்பம் மிகுந்ததனாலேதான் சுவை குன்றிற்று என்று கொள்ளலாமோ? கூடாது. நம் வீட்டுப் பிறஷர் குக்கரும் ஏறத்தாழ அதே வெப்பநிலையை எட்டுகின்றது. அதில் அவித்த கடலை மணக்கவே செய்கின்றது. ஆகவே காரணத்தை வேறிடத்திலே தேடல் வேண்டும்.

விடுமுறை நாளொன்றில் நானே ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். ஒப்பிடுவதாயின் ஒரே இனத்தை ஒப்பிடுதல் வேண்டும். கடையிற் கிடைக்கும் பேணிகளிற் பெரும்பாலும் இருப்பது பருத்த வெள்ளைக் கடலை. கோயிலில் நாங்கள் அவிப்பதோ பெரும்பாலும் சிறுத்த கபில நிறக் கடலை. அதற்குத் தோல் தடிப்பு, மணமும் வேறு. சிறுமி உணர்ந்த வேறுபாட்டில் ஒரு பாதி இதுவாகவே இருத்தல் கூடும். எனவே வெள்ளைக் கடலையிலேயே ஒரு சுண்டு எடுத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, மண்சட்டியில் அவித்தேன். பேணிக் கடலையை மற்றொரு சட்டியிற் சூடாக்கினேன். தாளிதம் எதுவும் சேர்க்காது இரண்டையும் வீட்டார் யாவரும் சுவைத்தோம்.

பேணிக் கடலை ஒவ்வொன்றும் ஒரே பதமாக மென்மையாயிருந்தது. உப்பு உள்ளேயும் ஏறியிருந்தது. மூடிய பாத்திரத்தில் நெடுநேரம் இருந்த சோற்றுக்கு ஒப்பான ஒரு மந்த வாடை அதிற் கலந்திருந்தது. சட்டிக் கடலையிலோ சில சற்று மென்மை, சில சற்று உறுதி. தோல் பல்லிற் பட்டு விட்டுக்கொடுத்தது. உள்ளே மாவாகக் கரைந்தது. பருப்புக்குரிய இனிய மணம் எழுந்தது. அவித்த நீரைக்கூட ஒரு கோப்பையில் ஊற்றிக் குடிக்கக்கூடியதாயிருந்தது. பேணி நீரைக் குடிக்க எவரும் முன்வரவில்லை.

இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் மூன்று எனலாம்.

முதலாவது, ஆவி. திறந்த சட்டியிற் கடலை ஒரு மணி நேரம் கொதிக்கும்போது, பச்சை வாடையைத் தரும் பொருள்களும் கந்தகம் சார்ந்த சில பொருள்களும் நீராவியோடு வெளியேறிவிடுகின்றன. அடுக்களையிற் கடலை அவியும் வாசம் தெருவரை வருவது அதனாலேயே. பேணியிலோ மூடிய பின்னரே அவியல் நிகழ்வதால், எதுவும் வெளியேற வழியில்லை. நல்ல மணமும் தீய வாடையும் ஒன்றாய் அடைபட்டுக் கிடக்கின்றன. கந்தகப் பொருள்கள் தகரத்தோடு சேர்ந்து கறையை உண்டாக்காதிருக்கப் பேணியின் உட்புறத்துக்கு ஒரு பூச்சும் இடுகின்றனர்.

இரண்டாவது, நீர். பேணிக் கடலை பல மாதம் உப்புநீரில் மூழ்கிக் கிடக்கின்றது. அதன் மாப்பொருளும் புரதமும் சீனியும் ஓரளவு அந்நீரிற் கரைந்து வழுவழுப்பாகின்றன. நாமோ அந்நீரை வடித்து ஊற்றிவிடுகிறோம். அதனோடு சுவையின் ஒரு பங்கும் போகின்றது. வீட்டில் அவிப்பவர் நீர் வற்றும் அளவுக்கு அடுப்பைத் தணித்து, கரைந்ததைக் கடலையிலேயே திரும்பச் சேர்த்துவிடுகின்றார்.

மூன்றாவது, பதம். பல மாதம் குலையாதிருப்பதற்காகப் பேணிகள் சிலவற்றிற் கல்சியம் குளோரைட்டுச் சேர்க்கப்படுகின்றது. அது தோலை இறுக்கிப் பிடிக்கின்றது. ஆதலால் எல்லாக் கடலையும் ஒரே வார்ப்பில் வார்த்தவைபோல் அமைகின்றன.

இவ்வளவும் கேட்டபின், பானைக் கடலையே என்றும் வெல்லும் என்று தீர்ப்புக் கூறிவிட வேண்டாம். பானையும் தோற்பதுண்டு. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். “இந்தக் கிணற்றுத் தண்ணியிலை பருப்பு அவியாது” என்று என் தாயார் சொல்லி, தூரத்துக் கிணறு ஒன்றிலிருந்து சமையலுக்கு நீர் அள்ளிவரச் செய்வார். அது வெறும் பிடிவாதம் என்றே அந்நாளில் எண்ணினேன். குடாநாட்டு நிலத்தின் கீழ் இருப்பது சுண்ணாம்புக்கல்; அதனூடாக ஊறும் நீர் வன்னீர். அதிலுள்ள கல்சியமும் மகனீசியமும் தானியத் தோலிலுள்ள பெக்ரின் என்னும் பசைப்பொருளோடு பிணைந்து, அதனைக் கரையவிடாது தடுக்கின்றன. தாயார் விஞ்ஞானம் படித்ததில்லை. ஆயினும் அவர் சொன்னது விஞ்ஞானம்.

பின்னர் ஆசிரியனாகச் சில காலம் நுவரெலியாவிற் கடமையாற்றினேன். அங்கே மலையூற்று நீர் மென்னீர். இனிக் கடலை நொடியில் அவியும் என எண்ணினேன். அதுவும் பொய்த்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகின்றது. நீர் தளதளவெனக் கொதிக்கும், கடலையோ அசையாது. அவ்வூரிற் பிறஷர் குக்கர் வசதிக்காக மட்டுமன்றித் தேவைக்காகவும் வேண்டிய பொருள் என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

கடலையின் வயதும் முக்கியம். வெக்கையும் ஈரப்பதனும் மிகுந்த இடத்தில் நெடுநாள் கிடந்த கடலை, எத்துணை நேரம் அவித்தாலும் கல்லாகவே இருக்கும். ஆதலின் மாதத்துக்கு வேண்டிய அளவே வாங்கி, இறுக மூடிய போத்தலில் வைத்தல் நன்று.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். உப்பைக் கடைசியிலேயே போட வேண்டும், முன்னரே போட்டாற் கடலை அவியாது என்பது நம் வீடுகளிற் பரம்பரையாக வந்த விதி. இதற்கு மாறாக, ஊறவைக்கும் நீரிலேயே லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி அளவில் உப்பிடுவது நல்லது எனத் தெரியவந்துள்ளது. உப்பிலுள்ள சோடியம் தோலிலுள்ள கல்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தோல் மென்மையடைகின்றது. வெடித்து உரியாமலும் இருக்கின்றது. நான் செய்து பார்த்தேன், உண்மையே. ஆயின் பழப்புளியும் தக்காளியும் கடைசியிலேயே சேர்க்கப்பட வேண்டும். புளிப்பு, கடலை மெதுமையாவதைத் தாமதப்படுத்தும். விரைவில் அவிவதற்காக அப்பச்சோடாவை அள்ளிப் போடுவோரும் உளர். கடலை அவியும், ஆனால் தயமின் என்னும் உயிர்ச்சத்து அழியும், மிகுந்துவிட்டாற் சவர்க்காரச் சுவையும் தட்டும்.

சிவப்பு இராஜ்மா அவரை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. அதன் விதையிலுள்ள ஒருவகைப் புரதம், சரியாக அவியாவிடின் கடும் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். நன்றாக ஊறவைத்து, அந்நீரை ஊற்றிவிட்டு, புதுநீரிற் குறைந்தது பத்து நிமிடமாயினும் தளதளவெனக் கொதிக்கவைத்த பின்னரே அடுப்பைத் தணித்தல் வேண்டும். மெல்லிய சூட்டில் மட்டும் வைத்து அவித்தல் தகாது. பேணியில் வருவது முன்னரே முற்றாக அவிந்தது. ஆதலால் அவ்வச்சம் அதற்கில்லை.

பேணியின் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை என்பதற்கு இது ஒரு சான்று. எரிபொருள் மற்றொரு சான்று. 2022ஆம் ஆண்டிற் சமையல் எரிவாயுச் சிலிண்டருக்காக நாம் நின்ற வரிசைகளை எவர் மறப்பார்? ஒரு மணி நேரம் அடுப்பெரிப்பது அன்று பெருஞ்செலவு. காலை ஆறரைக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டு, மாலை இருள்சூழத் திரும்பும் தாய் ஒருத்தி பேணியைத் திறந்தால், அவளைச் சோம்பேறி என்று பழித்தல் அறமாகாது. அவ்வாறு பழிக்கும் ஆடவர் பலர், முதல் நாளிரவு கடலையை ஊறவைக்கத் தாமே எழுந்து சென்றதில்லை என்பதும் நாம் அறிந்ததே.

பேணிக் கடலையையும் ஓரளவு திருத்தலாம். நீரை வடித்து, இருமுறை நல்ல நீரில் அலசினால், உப்பில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாது நீங்கும். குருதியமுக்கம் உள்ளோர் இதனைத் தவறாது செய்தல் வேண்டும். பின்னர் சிறிது புதுநீரில், உள்ளியும் கறிவேப்பிலையும் இட்டு, திறந்த சட்டியிற் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் மந்த வாடை பெருமளவு நீங்கும். குழம்பிலோ மசித்துச் செய்யும் பண்டத்திலோ சேர்த்தால் வேறுபாடு எளிதிற் புலப்படாது. சுண்டலிலேதான் அது மறைய இடமில்லை. ஏனெனிற் சுண்டலிற் கடலையைத் தவிர வேறு பொருள் பெரிதாக இல்லை. பேணி ஊதியிருந்தாலோ, கசிந்தாலோ, மூட்டுவாய் நசுங்கியிருந்தாலோ அதனை வாங்காதீர்கள். திறந்தபின் எஞ்சியதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாளுள் உண்டுவிடுங்கள்.

எனினும் ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கூற விரும்புகிறேன். அவசரத்துக்குப் பேணி உதவட்டும். வழக்கத்துக்குப் பானை இருக்கட்டும். உலர்ந்த கடலை, பயறு, கௌபி ஆகியவை வறிய வீட்டுக்கும் எட்டும் புரத உணவு. அவற்றை அவிக்கும் பக்குவம் கைவிட்டுப் போனால், அதே உணவைப் பன்மடங்கு விலை கொடுத்தே வாங்க வேண்டிவரும். அன்றி, சுவை என்பது பழக்கத்தால் வருவது. பானைக் கடலையின் மணத்தை ஒருமுறையும் அறியாத பிள்ளை, “ஏன் வேறாக இருக்கிறது?” என்று கேட்கவும் மாட்டாது. அக்கேள்வி எழுந்தது நல்ல அறிகுறி என்றே நான் கொள்கிறேன்.

இறுதியாக, என்னைப்போல மறதியுடையோருக்கு ஒரு வழி. இரவு ஊறவைக்க மறந்துவிட்டால், காலையிற் கடலையை நிறைந்த நீரில் இட்டு, இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் வைத்திருங்கள். இரவு முழுவதும் ஊறியதற்கு ஏறத்தாழ ஒப்பாகும். பின்னர் நீரை மாற்றி அவிக்கலாம். அன்று இவ்வொன்றை நான் அறிந்திருந்தால், பூசை சற்றுத் தாமதித்திருக்கும். இருபது பேணியின் காசு மிஞ்சியிருக்கும்.

அடுத்த ஆண்டு வாணி விழாவுக்கு முதல் நாள் மாலையிலேயே கடலையை அண்டாவில் இட்டு நீர் ஊற்றினேன். மறுநாள் அச்சிறுமி கையை நீட்டி வாங்கி, முகர்ந்து பார்த்தாள். இம்முறை எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் முறையும் கையை நீட்டினாள்.