ரப்பரா, பாலியூரித்தேனா? காட்டுப்பாதை வாகனங்களுக்கு ஏற்ற புஷ் எது?

கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களுக்கு ஏறி இறங்கும் பழைய லேண்ட் ரோவர்களை அறியாதவர் மலேசியாவில் குறைவு. அப்படிப்பட்ட வாகனம் குழியில் இறங்கும்போது சில வேளைகளில் அடியிலிருந்து 'டொக்' என்று ஓர் ஓசை கேட்கும். அப்சார்பர் போய்விட்டது என்று நினைத்துப் பலர் அதை மாற்றிவிடுகிறார்கள். பணம் செலவான பிறகும் ஓசை நிற்பதில்லை. உண்மையான காரணம் பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு பொருள்தான். பட்டறைகளில் அதற்குப் புஷ் என்று பெயர்.

சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளும் ஸ்பிரிங்குகளும் சேசிஸுடன் சேரும் ஒவ்வோர் இடத்திலும் புஷ் இருக்கும். இரும்பும் இரும்பும் நேராக மோதாமல் தடுப்பதும், அதே வேளையில் அவற்றை அசையவிடுவதும் அதன் வேலை. இந்தப் புஷ் தேய்ந்துவிட்டால் ஓசையோடு மட்டும் போவதில்லை. பிரேக்கை மிதிக்கும்போது வாகனம் ஒரு பக்கமாக இழுக்கும். நேர்ச்சாலையிலும் ஸ்டீரிங் அலையும். டயர் ஓரமாகத் தேயும். ஒரு டன் காய்கறியுடன் மலையிலிருந்து இறங்கும் ஓட்டுநருக்கு இது உயிர்ப் பிரச்சினையாகும்.

புஷ் மாற்ற வேண்டும் என்றதும், "ரப்பர் போடவா, பி.யு. போடவா?" என்று போர்மேன் கேட்பார். பி.யு. என்பது பாலியூரித்தேன். 1937இல் ஜெர்மனியில் ஒட்டோ பாயரும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்த செயற்கைப் பொருள் இது. சிவப்பிலும் மஞ்சளிலும் நீலத்திலும் வரும் இந்தப் புஷ்களைக் கண்டால், கறுப்பு ரப்பரைவிட மேலானவை என்ற எண்ணம் தானாகவே வந்துவிடுகிறது. ஆனால், நிறத்தைப் பார்த்து முடிவு செய்யும் காரியமன்று இது.

இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. ரப்பர் புஷ்ஷில் வெளியே ஓர் இரும்புக் குழல், உள்ளே ஓர் இரும்புக் குழல், இரண்டுக்கும் நடுவே ரப்பர் ஒட்டப்பட்டிருக்கும். உள்குழலைப் போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் ஏறி இறங்கும்போது எதுவும் உரசுவதில்லை. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. உரசல் இல்லாததால் கிரீஸ் தேவையில்லை, மணல் புகவும் வழியில்லை. இயற்கை ரப்பருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதிகமாக இழுபடும்போது அதன் மூலக்கூறுகள் படிகம்போல் அடுக்கிக்கொள்வதால், சிறு விரிசல் எளிதில் பரவுவதில்லை. 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்து, பின்னர் மலாயாவின் தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய அதே மரத்தின் குணம்தான் இது.

பாலியூரித்தேன் புஷ் பொதுவாக இரண்டு பாதிகளாக வரும். நடுவில் ஓர் இரும்புக் குழலைச் செருக வேண்டும். இங்கே முறுக்கு இல்லை. குழலின் மேல் புஷ் வழுக்கிச் சுழல்கிறது. ஆகவே கிரீஸ் அவசியம். கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும். சேற்றில் ஓடும் வாகனத்தில் மணல் உள்ளே புகுந்தால், அது உப்புத்தாளைப் போல் குழலையும் புஷ்ஷையும் சேர்த்தே அராவிவிடும். மேலும், ரப்பர் புஷ்ஷின் கடினம் ஷோர் ஏ அளவையில் ஏறக்குறைய 50 முதல் 70 வரை இருக்க, பாலியூரித்தேன் 70 முதல் 95 வரை போகும். கடினமாக இருப்பதால் ஸ்டீரிங் துல்லியமாகும் என்பது உண்மை. சாலையின் அதிர்வு இருக்கை வரைக்கும் வரும் என்பதும் உண்மை.

காட்டுப்பாதையில் முக்கியமானது வேறொன்று. ஒரு சக்கரம் பாறை மேல் ஏற, மறு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஆக்சில் சாய வேண்டும். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர், டொயோட்டா லேண்ட் குரூசர் 80, சுசுகி ஜிம்னி ஆகியவற்றின் முன் ஆக்சிலைப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீண்ட கைகள் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு கையும் ஆக்சிலோடு இரண்டு புஷ்களால் இணைகிறது. இந்த அமைப்பில் ஆக்சில் சாய வேண்டுமானால் புஷ்கள் நசுங்கி வளைந்து கொடுத்தே ஆகவேண்டும். அங்கே கடினமான பாலியூரித்தேனைப் போட்டால் ஆக்சில் விறைத்துக்கொள்ளும். சக்கரம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் சுழலும். அதைவிட மோசமானது, புஷ் வாங்க மறுத்த விசை பிராக்கெட்டுக்கும் அதன் வெல்டிங்குக்கும் போய்ச் சேர்வது. புஷ் கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆக்சில் பிராக்கெட் பிளந்தால் காட்டுக்குள்ளேயே நிற்க வேண்டியதுதான். ஆகவே, இந்த இடத்தில் தரமான ரப்பரை விடாதிருப்பதே நல்லது.

அதற்காகப் பாலியூரித்தேனை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பன்ஹார்ட் கம்பியிலும், ஸ்டெபிலைசர் கம்பியைப் பிடிக்கும் இடங்களிலும் அது நன்றாகவே உழைக்கும். ஹைலக்ஸ் போன்ற பிக்அப்களின் பின்புறப் பட்டை ஸ்பிரிங்கிலும் பாரம் ஏற்றுவோர் பலர் அதை விரும்புகிறார்கள். வழிந்த எண்ணெயும் டீசலும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். பாலியூரித்தேன் அவற்றைத் தாங்கும். ஆனால், அதிலும் இரண்டு வகை உண்டு. பாலியெஸ்டர் வகை, சூடும் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் சிதையும். பாலியீதர் வகை தண்ணீரை நன்கு தாங்கும். ஆற்றைக் கடந்து, வெயிலில் நின்று, மறுபடியும் மழையில் நனையும் வாகனத்திற்கு எந்த வகை என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குவது தகும்.

பொருத்துவதிலும் வேறுபாடு இருக்கிறது. ரப்பர் புஷ்ஷைக் கழற்றவும் ஏற்றவும் ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். பழைய ரப்பரை எரித்து எடுக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அந்தப் புகை உடலுக்குக் கேடு. பாலியூரித்தேன் பாதிகளைப் பெரும்பாலும் கையாலோ சாதாரண வைஸாலோ அழுத்திவிடலாம். விலை கூடுதலாக இருந்தாலும் கூலி குறைவதால் சிலர் அதன் பக்கம் சாய்கிறார்கள்.

ரப்பர் புஷ் சீக்கிரம் கிழிந்துவிட்டது என்று குறைப்படுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாகனத்தைத் தூக்கி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே போல்ட்டை முழுமையாக இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையில் மாட்டிக்கொள்ளும். பிறகு அது ஒரு நொடிகூட ஓய்வு பெறாது. முதலில் லேசாகச் செருகி, வாகனத்தின் எடை முழுவதும் சக்கரங்களின் மேல் வந்த பிறகே இறுக்குவது சரியான முறை. துவாரமிட்ட ரப்பர் புஷ் என்றால், அந்தத் துவாரங்கள் பழைய திசையிலேயே அமைந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் செய்யும் பட்டறைக்கு ஐந்து பத்து வெள்ளி கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை.

கழற்றிய பழைய புஷ்ஷையும் குப்பையில் போடுவதற்கு முன் திருப்பிப் பார்க்கலாம். ஒரே பக்கம் கிழிந்திருந்தால் அந்தத் திசையில் பாரமோ முறுக்கோ மிகுந்திருக்கிறது என்று பொருள். ரப்பர் ஊதி, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தால் மேலே எங்கோ எண்ணெய் கசிகிறது. கசிவை அடைக்காமல் புதிய ரப்பரைப் போட்டால் அதுவும் சில மாதங்களில் அதே கதிக்கு வந்து நிற்கும்.